வேலம்பாளையத்து விஸ்வகர்மா

பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிற சாயப்பட்டறை முதலாளியிடம் காரியம் பேசப் போகிறவர்கள், அந்தக் காரியத்தை வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போவது க்ஷேமம். உட்காரச் சொல்வதற்கு முன்பே, உள்ளங்கையில் அடங்கிவிடும் அரைகுறை விமானம் ஒன்றை நம் மூக்குக்கு நேரே நீட்டி, “இது என்ன பிளேனுன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்பார். சூலூர்த் தளத்துத் தேஜஸ் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனாலும் நிமிர்ந்து பாராத மனிதர் அவர். வானத்தில் பறப்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டல்ல, மேஜைமேல் பறக்காமல் இருப்பதுதான் விமானம்.

அது நாட் விமானம். இங்கிலாந்தின் ஃபோலண்ட் கம்பெனியில் பெட்டர் என்ற நிபுணர் வடிவமைத்து, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் லைசென்ஸ் பெற்றுக் கட்டப்பட்டு, 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் சேபர்களோடு மோதிக் கீர்த்தி பெற்றது. 1964-இல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 72-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்ட அதன் பழைய மாதிரிப் பெட்டியை, லண்டனிலிருக்கும் மருமகனை ஏவி ஏலத்தில் எடுப்பித்த பிறகுதான் நமது நண்பருக்கு விஷயம் விளங்கிற்று: பெட்டிக்குள் இருந்தது இருவர் அமரும் பயிற்சி விமானம், நம்மவர் யுத்தத்தில் ஓட்டியதோ ஒருவர் மட்டும் அமர்வது. வேறொருவராயிருந்தால் பேரனிடம் கொடுத்திருப்பார். இவரோ பின் ஆசனத்தைப் புட்டி வைத்து மூடி, இறக்கையை அறுத்து ஒன்பது சென்டிமீட்டர் சொச்சத்துக்குக் குறுக்கி, மேனியெங்கும் புடைத்திருந்த ஆணித்தலைகளை உப்புத்தாளால் அழித்து, அழித்த இடத்தில் ஊசியால் கோடு கீறி, ஒரு விமானத்தை வாங்கி மற்றொரு விமானத்தைச் சிருஷ்டிக்கும் பிரயத்தனத்தில் இறங்கினார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளெல்லாம் அடைபட்டபோது பொழுது போகாமல் ஆரம்பித்த கைங்கரியம் இது. பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையங்களோடு மறுபடி ஓடத் தொடங்கி எத்தனையோ காலமாயிற்று, விமானத்துக்கு இன்னும் சக்கரம் வைத்தபாடில்லை.

அலமாரியில் பிரிக்கப்படாத பெட்டிகள் வேறு இருக்கின்றன. “பிரிச்சா மதிப்பு போயிருமுங்க” என்கிறார், அதை விட்டுவிடுவோம்.

உண்மையான உபத்திரவம் காவி நிறத்தில் இருக்கிறது. பெட்டியோடு வந்த சின்னங்கள் பிரிட்டிஷ் படையுடையவை. ஆகவே காவி, வெள்ளை, பச்சை வட்டத்தை இவரே தயாரித்தாக வேண்டும். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அந்த வட்டத்துக்காக, பட்டறை லேபில் பஞ்சுத் துணித் துண்டுகளைக் காவியாகச் சாயமேற்றி, லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்ச விளக்கில் ஒருமுறை, கடை விளக்கில் ஒருமுறை, ஊதா விளக்கில் ஒருமுறை என்று பார்த்து, ஒன்றில் பொருந்தியது மற்றொன்றில் கண்ணை உறுத்துகிறதென்று நிராகரித்து, தேறிய துண்டுக்கு ஈடாக எனாமல் பெயின்ட்டைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கலந்தது காய்ந்ததும் ஒரு மாற்றுக் குறைந்துவிட்டதென்று துக்கப்பட்டு, மறுபடி துணியிலிருந்து தொடங்குவார். லேப் பையன் அட்டையில் ஒட்டி வைத்திருக்கும் காவித் துண்டுகளைப் பார்த்த வெளியூர் மெர்ச்சண்டைசர் ஒருவர், ஏதோ பெரிய மடத்து ஆர்டர் வந்திருப்பதாக நினைத்து விலை விசாரித்தாராம். வெள்ளி மேனிக்குப் பளபளப்பு ஏற்ற அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் பஃபிங் வித்தை கற்றுக்கொண்டு வந்தது தனிக் கதை.

ஆனாலும், 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரைத் தாக்க வந்த ஆறு சேபர்களுக்கு எதிராக நாட் விமானத்தில் கிளம்பி உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் சேகோனைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் கேட்கத்தான் வேண்டும். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே என்று சொல்லும்போது இவருடைய குரல் தாழ்ந்துவிடும். கையிலிருக்கும் பிளாஸ்டிக்கை மேஜையில் வைக்கிற விதத்தில் ஒரு பக்தி தென்படும். அந்த ஐந்து நிமிஷத்துக்காக மற்றதையெல்லாம் க்ஷமித்துவிடலாம் என்றே தோன்றும்.

கழுத்து ரிப்பை மட்டும் க்ஷமிக்க முடியவில்லை. நான் சாயத்துக்குக் கொடுத்த நேவி நீலத் துணியில் உடம்பு ஒரு நிறமாகவும், கழுத்துக்கு வைக்கும் ரிப் இன்னொரு நிறமாகவும் வந்து சேர்ந்தன. தைத்த பிறகு சட்டையும் காலரும் இரண்டு வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை போல் நின்றன. பையர் திருப்பிவிட்டார். துணியையும் ரிப்பையும் தூக்கிக்கொண்டு இவரிடம் போனால், லைட் பாக்ஸ் இருக்கும் திசையில்கூடத் திரும்பாமல், ஜன்னலோரம் ஒரு கணம் பிடித்துப் பார்த்து, “ரெண்டும் ஒண்ணுதானுங்களே, போட்டுட்டு நடந்தா யாருக்குங்க தெரியப் போவுது?” என்றார். பொத்தானளவு காவிக்குக் கிடைக்கிற நியாயம் ஒரு லாரித் துணிக்குக் கிடைக்கவில்லை. சாயக் கூலியில் கழித்துக்கொள்ளும்படி கேட்டேன். கணக்கு மச்சான் கையில் இருப்பதாகச் சொன்னார். மச்சான் இவரைக் கேட்கச் சொன்னார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவர், ஏதோ உதவி செய்ய நினைப்பவர் போலத் தோளில் கை வைத்து, “அந்த ரிஜெக்ட் துணி சும்மாதானுங்க கெடக்குது, ஒரு ரெண்டு கிலோ அனுப்பி வைங்க, நாட்டுக்குப் பாலீஷ் போடறதுக்கு அத்தனை மெதுவான துணி வேற கெடைக்காதுங்க” என்றார்.