அடுப்பு சுமந்த சைக்கிள்

கண்டியில் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்த்தால் ஆட்கள் மூன்றில் ஒரு முடிவுக்குத்தான் வருவார்கள்: வெள்ளைக்காரன், வேலை போனவன், வீட்டில் சண்டை பிடித்தவன். ஊரின் அமைப்பு அப்படி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் மேலே, சுற்றிவர மலை. வாவியை ஒரு சுற்றுச் சுற்றினால் சமதரை தீர்ந்துபோகும். அதற்கப்பால் தள்ளிக்கொண்டு ஏறலாம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்; மிதிப்பது இடையிடையே நடக்கும்.

2022-இல் மட்டும் நிலைமை மாறியது. பெற்றோலுக்கு வரிசை நின்று, பிறகு கியூஆர் வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலம். கௌரவமான மனிதரெல்லாம் சைக்கிள் வாங்கினார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அந்தச் சைக்கிள்களில் உடுப்புக் காயப்போட்டார்கள். என்னுடையதில் ஈரத்துவாயை விரிக்க மனைவி வந்தபோதுதான், "இதில யாழ்ப்பாணம் போகப்போறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

"என்னங்க, அங்க பஸ் போகுதே?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

திட்டம் போடுவது இந்தக் கலையின் மிகச் சுகமான பகுதி, உட்கார்ந்தே செய்யலாம். நுவரெலியா வேண்டாம்: புசல்லாவை, றம்பொடை என்று ஏறி ஏறி 1,868 மீற்றர். மகியங்கனைப் பக்கம் அந்தப் பேர்போன 18 வளைவு. இறங்குவது ஆனந்தம்தான், திரும்பி ஏறுவது யார்? மிஞ்சியது ஏ-9. கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றர். மாத்தளை தாண்டி மலை விட்டுவிடும், பிறகு யாழ்ப்பாணம் வரை பெரிய ஏற்றம் கிடையாது. ஜூனில் புறப்பட்டால், வடக்கத்தியார் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். சோம்பேறிக்கென்றே வெட்டிய றோட்டு.

நிபந்தனை மூன்று வைத்தேன். பின்னால் வான் வராது, ஹோட்டலில் அறை எடுப்பதில்லை, யாரிடமும் கையேந்துவதில்லை. கூடாரம், ஸ்பிரிட் அடுப்பு, சட்டி, பம், ரியூப், ஒட்டுச் சாமான் எல்லாம் கரியரில் ஏறின. அதன்மேல் மனைவி சித்தாலேப, சமஹன், மாரி பிஸ்கட், அரிசி ஆகியவற்றை ஏற்றினாள். நெல் விளையும் அனுராதபுரத்துக்குக் கண்டியிலிருந்து அரிசி கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். சைக்கிள் பாஸ் பின் சில்லை அமத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, வீடு மாறுறீங்களா?" என்று கேட்டார்.

ஜூன் என்றால் பொசன். மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்ததைக் கொண்டாட நாடே ஏ-9 வழியாக அங்கே போகும்; வழி நெடுகத் தன்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிந்து, கொட்டகை போட்டு, இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். கொடுப்பது என்பது மென்மையான வார்த்தை. நீளக் கம்பில் கொடி கட்டிய இளைஞர்கள் நடு றோட்டில் இறங்கி, "என்ட, என்ட!" என்று சிங்களத்தில் வரக் கூப்பிட்டு மறிப்பார்கள். காரில் போகிறவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தப்பலாம். சைக்கிள்காரனுக்கு ஏற்றக் கண்ணாடியும் இல்லை, தப்ப வேகமும் இல்லை.

தம்புள்ளை தாண்டி முதல் கொட்டகையில் அவித்த கடலை. அடுத்ததில் மரவள்ளியும் கொச்சிக்காய்ச் சம்பலும். அதற்கடுத்து பெலிமல் தண்ணீர், பிறகு சோறு, பிறகு இன்னும் சோறு. வயிறு நிறைந்துவிட்டது என்று கொச்சைச் சிங்களத்தில் மன்றாடினேன். ஓர் அம்மா என் கரியரை மேலும் கீழும் பார்த்தார். "மிகிந்தலைக்கா மகன்?" யாழ்ப்பாணத்துக்கு என்றேன். சைக்கிளிலேயா என்றார். ஆமாம் என்றேன். அவருடைய முகம் இளகிப்போனது. இன்னொரு அகப்பை சோறு விழுந்தது, ஒரு பார்சலும் ஹாண்டிலில் தொங்கியது. இப்படிப் போனால் அடுப்பை எப்போது பற்றவைப்பது?

மரக்கறி லொறிக்காரர்கள் வேறு சோதனை. தம்புள்ளைச் சந்தையிலிருந்து வடக்கே போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, "தூக்கிப் போடுங்க, ஏறுங்க" என்பார்கள். கோவா மூட்டைகளின்மேல் ஒருவன் எவ்வளவு வசதியாகப் படுத்துப் போகலாம் என்பதை மிதித்துப் பார்த்தவன்தான் அறிவான்.

மிகிந்தலைக்கப்பால் கூடாரம் அடிக்க ஒரு வெட்டை பார்த்து வைத்தேன். தேத்தண்ணிக் கடைக்காரர் தடுத்தார். "அலியா இருக்கு, காட்டு யானை. அலியாவுக்கு உங்கட ரென்ட் விளங்காது; உள்ள இருக்கிற அரிசி விளங்கும்." அன்றிரவு அவருடைய கடை வாங்கில் படுத்தேன். கூடாரம் தலையணையாயிற்று.

வவுனியா தாண்டியதும் என் மதிப்பு சட்டென்று இறங்கியது. அங்கே சைக்கிள் சாமானியம். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், பின்னால் ஒருத்தரை ஏற்றிக்கொண்டு, கதைத்தபடியே என்னை முந்திப் போனார்கள். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லா வாகனமும் நிற்கும்; நானும் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்தேன்.

கிளிநொச்சியில் ஓர் இடத்துக்குப் பெயரே 155ஆம் கட்டை. கண்டியிலிருந்து எண்ணி வந்த மைல் கணக்கு. கண்டியில் யாரையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், இப்படியோர் ஊர் தங்களை அளந்து வைத்திருப்பது தெரியாது.

அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பிரேக் கட்டை மாற்ற நிறுத்தினேன். கடைக்கார ஐயா என் மூட்டையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"எங்கையிருந்து தம்பி?"

"கண்டி."

"ஏன், பஸ் ஓடேல்லையோ?"

நெடுந்தூரச் சைக்கிள் பயணம், சுயமாகச் சுமந்து போவது, என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வில நாங்களும் இப்படித்தான் வெளிக்கிட்டனாங்கள். யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்சாலை. பின்னுக்கு மனிசி, பாரில மகள், கரியரில தையல் மெசின். ஆரும் அதைப் பயணமெண்டு சொல்லேல்லை." சொல்லிவிட்டுக் குனிந்து பிரேக் கம்பியை இழுத்து முடுக்கினார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவருக்கு அடைக்கவில்லை. நிமிர்ந்து, கரியரிலிருந்து அடுப்பைக் கழற்றி, புத்தம்புதிதாக இருந்த திரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதை என்ன விலைக்குத் தருவீங்கள்?"