போனஸ் பணமும் புது டிவியும்

தீபாவளி போனஸில் பெரிய டிவி வாங்கலாமா, போன் வாங்கலாமா? (வாசகர், அவிநாசி)

போன வருஷம் வாங்கிய போனுக்குத் தவணை முடிந்ததா? முடிந்திருந்தால் டிவி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது.

புத்தம் புது போனைப் பாதி விலைக்குத் தருகிறார் ஒருவர். வாங்கட்டுமா? (வாசகர், பல்லடம்)

மீதிப் பாதியைப் பறிகொடுத்தவர் கட்டியிருப்பார்! *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகு பணத்தை எடுங்கள். அது திருட்டு போனாக இருந்தால், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே துணி தைக்கும் ஒரு பையனுக்கு அம்மாவின் குரல் அந்த போனில்தான் இருக்கும்.

இலவச டிவி, இலவச மிக்சி... எது அதிகம் உழைத்தது? (வாசகி, அனுப்பர்பாளையம்)

அதிகம் உழைத்தது நீங்கள்தான். தமிழக அரசின் இலவச டிவி திட்டம் 2006இல், மிக்சி, கிரைண்டர், மின்விசிறி 2011இல். ஆட்சி மாறியும் தேதி மாறவில்லை: இரண்டும் தொடங்கியது செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்! காலை ஷிப்டுக்கு ஓடும் பெண்ணின் அம்மி நேரத்தை மிச்சமாக்கிய மிக்சிக்கே என் ஓட்டு.

வாரண்டி கேட்டால் 'கம்பெனியில் கேளுங்க' என்கிறார் கடைக்காரர். என்ன செய்ய? (வாசகர், காங்கயம்)

காசை மட்டும் கம்பெனிக்குப் போய்க் கட்டச் சொன்னாரா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கடை பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.