ஸ்கிரிப்ட் நிரல்களின் தேசாந்தர சஞ்சாரம்: ஒரு விசாரணை

ஓர் ஆபரேடிங் சிஸ்டத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் நிரல் மற்றெல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் ஓடும் என்பது பூர்வபட்சம். 1987இல் பெர்லும் 1991இல் பைதானும் அவதரித்த நாள்முதல் இம்மதத்தைப் போதிப்போர் பலர். நிரலை வாசித்து நடத்துகிற இன்டர்பிரெட்டர் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் நிரலும் ஓடியே தீரவேண்டும் என்னும் அவர்கள் வாதம் அலட்சியத்துக்குரியதன்று. ஓடத்தான் செய்கிறது, முதல் வரியைத் தாண்டிவிட்டால்.

இன்டர்பிரெட்டர் இருக்குமிடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அம்முதல் வரியே நமது ஆராய்ச்சிக்கு முக்கிய ஸ்தலம். விண்டோஸ் நோட்பேடில் தட்டி, லினக்ஸ் சர்வரில் ஏற்றி, ஓடுவதற்கான அனுமதியும் முறைப்படி அளிக்கப்பெற்ற ஒரு பைதான் நிரல், இன்டர்பிரெட்டர் சாட்சாத் அங்கேயே வீற்றிருக்கையில், ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்று சாதிக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் வரியில் பிழை தென்படாது. காரணம் யாதெனில், அச்சுத்தலையை இடது ஓரத்துக்குத் திருப்ப 13 என்றொரு குறியும், காகிதத்தை ஒரு வரி தள்ள 10 என்றொரு குறியும் டெலிபிரின்டர் காலத்தில் வேண்டியிருந்தன; வரியின் முடிவைக் குறிக்க யூனிக்ஸ் 10ஐ மட்டும் வைத்துக்கொள்ள, டாஸும் அதன் வாரிசான விண்டோஸும் இரண்டையும் ஆசாரமாகக் காத்துவர, பழைய மக்கின்டாஷோ 13 ஒன்றே போதுமென்றிருந்தது. லினக்ஸ் கெர்னல் 10 வரையில் வாசித்து, இடையில் ஒட்டிக்கொண்ட 13ஐயும் இன்டர்பிரெட்டரின் திருநாமத்தில் சேர்த்து விடுவதால், அப்பெயருடைய கோப்பு ஈரேழு லோகத்திலும் அகப்படுவதில்லை.

அடைவுகளைப் பிரிக்கும் சாய்கோட்டின் திசையும் விவாதத்துக்குரியதே. 1983இல் டாஸ் 2.0 உள்ளடைவுகளை ஏற்றபோது, முன்சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டபடியால், பின்சாய்கோட்டுக்கு அப்பதவி கிட்டியது. பெயர் விஷயத்திலோ சமயச் சண்டையே உண்டு: பெரிய எழுத்துக் கோப்பும் சிறிய எழுத்துக் கோப்பும் ஒன்றே என்கிற விண்டோஸ் அத்வைதி, இரண்டும் வேறுவேறு என்கிற லினக்ஸ் துவைதி. மக்கின்டாஷ் வழக்கமாக முன்னதன் கட்சி. ஆயினும் நாம் இட்ட பெயரை இட்டபடியே காட்டும் தாட்சண்ணியம் அதற்குண்டு.

சித்தாந்தத்துக்கு எதிர்க்கட்சியாரின் சாட்சியமே போதும். எந்தெந்த சிஸ்டத்தில் என்னென்ன மாறும், எதையெதை நம்பலாகாது என்று விஸ்தாரமாக எச்சரிக்கும் ‘பெர்ல்போர்ட்’ என்னும் ஆவணத்தைப் பெர்லுடனேயே சேர்த்து அதன் ஆசாரியர்கள் வழங்கிவருகிறார்கள். எங்கும் ஓடும் நிரலுக்கு இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று வினவுவது மரியாதையாகாது. ஆகையால் வினவாது விடுகிறேன்.