சோலி இல்லாத காணி

இணையத்தில் விற்பனைக்கு வரும் வன்னி வீடுகளுக்குக் கோடையே கிடையாது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முற்றம் பச்சைப்பசேல் என்றிருக்கும். மாரியில் எடுத்து வைத்துக்கொண்டு ஆவணியில் விளம்பரம் போடுகிறார்கள். எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்க் கிணறு. எல்லா வீடும் ஏ9 வீதிக்கு 'மிக அருகில்'. அக்கராயன் வீட்டுக்கும் அதே அருகில்தான், காகத்துக்குச் சரிவரும்.

அளவுக் கணக்கு தனிக்கூத்து. குடியேற்றத் திட்டத்து ஆட்கள் ஏக்கரில் பேசுவார்கள், யாழ்ப்பாணத்துத் தொடுசல் உள்ளவர்கள் பரப்பில் பேசுவார்கள், விளம்பரப் படிவமோ பேர்ச்சில் கேட்கும். நாலு பரப்பு என்றால் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். கனகபுரத்து வீடொன்றுக்கு யாரோ ஒரு புண்ணியவான் பேர்ச் கட்டத்தில் 4 என்று போட்டுவிட்டார். விலையை வகுத்துப் பார்த்தால், கொழும்பு கறுவாத்தோட்டத்துப் பணக்காரரே பெருமூச்சு விடுவார்.

'உரிமையாளரின் நேரடி விற்பனை. தரகர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்' என்றிருந்த நம்பருக்கு எடுத்தேன். தரகர்தான் எடுத்தார். வேறு படம், வேறு விலை, வேறு நம்பரோடு இன்னொரு விளம்பரம். அதற்கு அவருடைய மச்சான் எடுத்தார். வீடு அதே வீடு. இணையமா தரகரா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள இங்கே அவசியமில்லை. இரண்டுக்குள்ளும் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்காபரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகனுக்கு இதைச் சொன்னேன். "விக்கிறவனுக்கு ஒரு ஏஜென்ட், வாங்கிறவனுக்கு ஒரு ஏஜென்ட். உனக்கெண்டு ஒருத்தரை வை" என்றான். அவனுக்குப் பக்கத்து நாடான அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் தொடக்கம், பெரும்பாலான முகவர்கள் வீட்டுக்குக் கூட்டிச்சென்று காட்ட முன்னரே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டுமாம். தரகர் அண்ணையிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"எழுத்திலயோ? எழுதிப்போட்டால் பிறகு ஒருத்தருக்குத்தானே தம்பி வேலை செய்யலாம்."

அவர் விற்கிறவரிடமும் வீதம் வாங்குவார், வாங்குகிறவரிடமும் வீதம் வாங்குவார். இரண்டு பக்கமும் வாங்குவதால் தான் நடுநிலையாளர் என்பது அவர் கட்சி. மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் அரைக் கிளிநொச்சியின் உறுதிகள் போட்டோக்கொப்பியாகக் கிடந்தன.

"சோலி இல்லாத காணி, தம்பி."

"உறுதியோ, பெர்மிட்டோ?"

"பெர்மிட்தான். ஆனால் உறுதி மாதிரி."

இந்த 'மாதிரி'க்குள் மூன்று தலைமுறை வழக்கு இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி 1930களில் தொடங்கிய குடியேற்றத்தில் இருந்து இங்கே பெருமளவு நிலம் அரச காணிதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் கிடைத்தவர் உழலாம், வீடு கட்டலாம், பின்னுரித்தாளர் என்று ஒருவரின் பெயரைப் பதியலாம். நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் வெள்ளைத்தாளில் எழுதிக் கைமாற்றினால், கைமாறுவது காசு மட்டும். விளம்பரத்தில் படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்று விலாவாரியாக எழுதுகிறவர்கள் பெர்மிட் என்ற ஒரு சொல்லை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

"அப்ப உறுதிக் காணி காட்டுங்கோ" என்றேன்.

காட்டினார். உரித்தாளர்கள் ஆறு பேர். ஒருவர் மெல்பேர்ன், இருவர் பாரிஸ், ஒருவர் வவுனியா குருமன்காடு, மற்ற இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. வெளிநாட்டில் இருந்து அற்றோனித் தத்துவம் 'வந்துகொண்டிருக்கு'. இடையில் தேசவழமை வேறு: பங்காளி ஒருவர் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், மற்றப் பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தி வைத்திருக்கிறது. கதைக்காத இருவரும் அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் கதைக்கக்கூடும்.

கடைசியாகப் பன்னங்கண்டிப் பக்கம் ஒரு வீடு. தனி உறுதி, ஒற்றை உரிமையாளர். படத்திலேயே எனக்குப் பிடித்துப்போனது அதன் சுவர்தான்: மேலே கிறீம் நிறம், இடுப்புக்குக் கீழே சொக்லேட் நிறம். நேரில் பார்க்க இன்னும் எடுப்பு. தரகர் அண்ணை போன் கதைக்க ஒதுங்கிய நேரம், பக்கத்து வளவு வேலிக்கு மேலால் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"வீடு பாக்க வந்தனீங்களோ தம்பி? அந்தச் சொக்லேட் பெயின்ற் எதுவரைக்கும் அடிச்சிருக்கு எண்டு பாத்தனீங்களோ? 2018 மார்கழியிலை இரணைமடுக் கதவைத் திறந்துவிட, வெள்ளம் அதுவரைக்கும் நிண்டது."

தொட்டுப் பார்த்தேன். பெயின்ற் இன்னும் லேசாகக் கையில் ஒட்டியது.

அம்மா நிறுத்தவில்லை. கிணறு ஆடியோடு வற்றும். பின்வேலிக் கதியால் வருடா வருடம் அரை அடி உள்ளே நடந்து வருகிறது. மலசலகூடக் குழி இருக்கிற இடத்தை உரிமையாளரே மறந்துவிட்டார். விலையைக் கேட்டார், சொன்னேன். நெஞ்சில் கை வைத்தார். "அநியாயம். உதை விட்டிட்டு வேறை இடம் பாருங்கோ பிள்ளை."

ஸ்காபரோக்காரன் சொன்ன ஏஜென்ட் இவர்தான் என்று பட்டது. வீதம் கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை, முழுக்க முழுக்க வாங்குகிறவன் பக்கம். மனம் குளிர்ந்து, நன்றி சொல்லி, படலையைச் சாத்திவிட்டுச் செருப்பை மாட்டினேன். வேலிக்கு அப்பால் அம்மாவின் போன் அடித்தது.

"ஓம் மருமேன், சுவிஸிலை இப்ப நல்ல குளிரோ? ஒரு பெடியன் வந்தவன், சொல்லி அனுப்பிட்டன். விலை இன்னும் இறங்கும். நீங்கள் அற்றோனியை அனுப்புங்கோ."