பல்லி சொன்ன பலன்

கடைக்குள் பல்லி சொன்னால் விரட்டக் கூடாது என்பது என் அப்பாவின் கொள்கை. மயிலாடுதுறையில் இந்த ஸ்டூடியோவை ஆரம்பித்தவர் அவர். பிலிம் கழுவுகிற இருட்டறையிலேயே இரண்டு பல்லிகளை நிரந்தர ஊழியர்களாக வைத்திருந்தார். அந்த வளர்ப்பின் கோளாறு, 2019 வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எடிட்டிங் அறையிலிருந்து ‘டிக்... டிக்... டிக்’ என்று கேட்டதும் நான் ஓடிப்போய்ப் பார்த்தது கம்ப்யூட்டரை அல்ல, தினசரி காலண்டரை. பல்லி சொல்லுக்குப் பலன், தென்கிழக்கு மூலை, வெள்ளிக்கிழமை. நல்லதாகத்தான் போட்டிருந்தது.

“அண்ணே, அது பல்லி இல்லண்ணே” என்றான் கடைப் பையன். “பெரிய டிஸ்க்குண்ணே.”

பெரிய டிஸ்க் என்பது 4 டிபி ஹார்ட் டிஸ்க். அதன் முதுகில் ஒட்டிய டேப்பில் ‘தை – வைகாசி’ என்று மார்க்கரால் எழுதியிருக்கும். உள்ளே ஏழு கல்யாணம்.

சென்னைக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரம் கழித்து, ஒரு நல்ல லென்ஸ் வாங்கும் காசை வாங்கிக்கொண்டு, ஆறு கல்யாணத்தை முழுசாகவும் ஒன்றைப் பின்னமாகவும் திருப்பித் தந்தார்கள். பின்னமான கல்யாணத்தில் பதினோரு நிமிஷம் இல்லை. எந்தப் பதினோரு நிமிஷம் என்று கல்யாண வீடியோக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்ணின் அப்பா நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். “ஊஞ்சல் இருக்கு, மாலை மாத்துனது இருக்கு, பந்தி மூணும் இருக்கு. தாலி கட்டுனது மட்டும் இல்லேங்கிறீங்க. இதை நான் எப்படித் தம்பி எடுத்துக்கறது?”

காப்பாற்றியவர் அந்தக் குடும்பத்தில் ஒரு சித்தப்பா. முகூர்த்த நேரத்தில் கேமராவுக்கு முன்னால் வந்து இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பாரே, ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒருவர், அவரேதான். அன்றைக்கு மனசுக்குள் அவரை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் போனில் எடுத்ததுதான் இன்று அந்தக் குடும்பத்தின் அதிகாரப்பூர்வமான தாலிகட்டு. கெட்டிமேளத்துக்கு நடுவே என் குரல் மூன்று தடவை தெளிவாகக் கேட்கும்: “சார், கொஞ்சம் நகருங்க சார்.”

அன்றிலிருந்துதான் எனக்கு பேக்கப் பைத்தியம் பிடித்தது.

“கிளவுட்ல போட்டுடுங்க மாமா, ஒரே வேலை” என்றான் பெங்களூரில் இருக்கும் அக்கா பையன். பெங்களூரில் இருப்பவர்கள் எதையுமே ஒரே வேலையாகத்தான் சொல்வார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. என் இணைப்பு 100 எம்பி என்று கேபிள்காரர் சொல்லியிருந்தார். ஆக, நொடிக்கு 100 எம்பி என்றால் ஒன்றரை மணி நேரத்தில் கல்யாணம் மேலே போய்விடும்! நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

இரண்டு இடத்தில் ஏமாந்திருந்தேன். அந்த நூறு, இறங்குகிற வேகம். ஏறுகிற வேகம் பத்து. “யாரு சார் ஏத்துறாங்க? எல்லாரும் இறக்கித்தான் பார்க்கறாங்க” என்றார் கேபிள்காரர். இரண்டாவது, அந்தப் பத்தும் மெகாபைட் இல்லை, மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நகைக்கடையில் போய் நின்று பாருங்கள், எட்டு கிராம் ஒரு சவரன். இணைப்பு விற்பவர் கிராமில் விலை சொல்கிறார், நம் பைல் சவரனில் கனக்கிறது. கழுத்தில் ஏறிய பிறகுதான் தெரியும், பத்து சவரன் என்று நினைத்தது ஒன்றேகால் சவரன் என்று.

மறுபடி கணக்கு. 540 ஜிபி, நொடிக்கு 10 மெகாபிட். 120 மணி நேரம். அந்தக் காலத்தில் ஒரு கல்யாணம் ஐந்து நாள் நடக்கும் என்பார்கள். இப்போது கல்யாணத்தை ஒரே நாளில் முடித்துவிடுகிறோம், அது மேலே ஏறத்தான் ஐந்து நாள் ஆகிறது.

பெரிய டிஸ்க் முழுசும் என்றால் 37 நாள். சரி, ஆடியில் கல்யாணம் கிடையாது, கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது, மாதம் முழுக்க ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆடிக்கு 31 நாள். மிஞ்சிப்போனால் 32. மிச்சத்தை ஏற்றுவதற்குள் ஆவணி முகூர்த்தம் வாசலில் வந்து நிற்கும்.

இருந்தாலும் விடவில்லை, சேவைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்தான் முதலில் கண்ணில் பட்டது. மெஸ் வாசலில் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ போர்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் இலக்கணம் எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை சாதம் கேட்டால் சிரித்துக்கொண்டே போடுவார்கள். மூன்றாவதுக்குச் சிரிப்பு இருக்காது. நான்காவதுக்குக் கல்லாவிலிருந்தே முதலாளி நம் இலையை எட்டிப் பார்ப்பார்.

மைக்ரோசாப்ட் 2014-ல் தன் ஒன்டிரைவில் அப்படி ஒரு போர்டு மாட்டியது. 2015 நவம்பரில் கழற்றிவிட்டது. காரணம் என்ன சொன்னது தெரியுமா? சிலர் ஆளுக்கு 75 டிபிக்கு மேல் வைத்துவிட்டார்களாம், சராசரி ஆள் வைப்பதைப் போல 14,000 மடங்கு. கம்ப்யூட்டர்களை மொத்தமாகவும் சினிமாத் தொகுப்புகளையும் டிவியில் பதிவு செய்தவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார்களாம். படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. எவனோ நம்ம தொழில்காரன். அமேசானும் 2017-ல் தன் அன்லிமிடெட் டிரைவ் திட்டத்தை நிறுத்தியது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு இலவசப் பந்தியை முடித்துக்கொண்டது. நம் வீட்டு இணைப்பிலும் ‘அன்லிமிடெட்’ திட்டங்கள் பல, மாதத்துக்கு 3300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடும். பெரிய பைல்காரன் இந்தப் போர்டைப் பார்த்து உள்ளே போகக் கூடாது. எத்தனை கரண்டி என்று எழுதி வைத்திருக்கிற கடைதான் அவனுக்கு நல்லது.

இன்னும் உண்மையாக அன்லிமிடெட் கொடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. பேக்பிளேஸ் ஒரு கம்ப்யூட்டரில் உள்ளதையும், அதில் செருகிய வெளி டிஸ்க்குகளையும் அளவு பார்க்காமல் எடுத்துக்கொள்கிறது. ஒன்று மட்டும், அந்த வெளி டிஸ்க்கை அவ்வப்போது செருகிக் காட்ட வேண்டும். ரொம்ப நாள் காட்டாவிட்டால் அதை நீங்களே தலைமுழுகிவிட்டீர்கள் என்று கருதி அங்கேயும் நீக்கிவிடுவார்கள். ஓய்வூதியர்கள் நவம்பரில் போய் உயிரோடிருக்கிறேன் என்று சான்று கொடுப்பதில்லையா, அதுபோல டிஸ்க்கைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் முகத்தைக் காட்ட வேண்டும். என்னிடம் டிஸ்க் இருபத்திரண்டு. பென்ஷன் ஆபீஸ் வரிசையே வந்துவிடும்.

விலை மலிவு என்று பார்த்தால் அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ். பரண் என்று தமிழில் பெயர் வைத்திருக்கலாம். ஒரு டிபி வைக்க மாதம் ஏறக்குறைய ஒரு டாலர்தான். ஆனால் பரணில் போட்ட பித்தளை அண்டாவைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்க முடியுமா? ஏணி தேட வேண்டும், ஆள் தேட வேண்டும். கேட்டதிலிருந்து 12 மணி நேரம், சாவகாசமான வழியில் கேட்டால் 48 மணி நேரம் வரை ஆகும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்து வருஷம் கழித்து வீடியோ கேட்பவர் இரண்டு நாள் பொறுக்க மாட்டாரா?

ஆனால் கோவில் வாசல் செருப்பு ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. ‘இலவசம்’ என்று எழுதியிருக்கும். விடும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தரிசனம் முடித்துத் திரும்பி வந்து டோக்கனை நீட்டும்போதுதான் ஒரு கை நீளும். இங்கேயும் அதுவேதான். உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கப் போக்குவரத்துக் கட்டணம் கிடையாது. வெளியே எடுக்க, அமெரிக்கக் கிடங்கு என்றால் ஜிபிக்கு 9 சென்ட் அளவில். என் 4 டிபிக்கு மாத வாடகை நான்கு டாலர், மொத்தமாக இறக்க 350 டாலர். ஏழு வருஷ வாடகையை ஒரே நாளில் வாசலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டும் ஒரு சேவையில் காசு கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் சோதனைக்கு, எடிட் முடித்த ஒரு மாஸ்டர் பைல். இரண்டு மணி நேரம், 90 ஜிபி. கணக்குப்படி 20 மணி நேரம். மதியம் ஒன்றரைக்கு பிரவுசரில் போட்டுவிட்டேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். “கைக்குழந்தைக்குக்கூட நீங்க இப்படி எழுந்ததில்லை” என்றாள் மனைவி. காலை எட்டே முக்காலுக்கு 96 சதவீதம். காபியை எடுத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தேன். 97.

மணி ஒன்பது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின் சத்தம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின் நிறுத்தம், பேப்பரில் முந்தின நாளே வந்திருந்ததாம். என்னிடம் யுபிஎஸ் இருந்தது, கம்ப்யூட்டர் சாகவில்லை. தெருமுனைக் கம்பத்தில் கேபிள்காரர் மாட்டியிருந்த பெட்டிக்கு யுபிஎஸ் இல்லை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஆவலாகத் திறந்தேன். 0 சதவீதம். மறுபடி ஆரம்பிக்கவா என்று மரியாதையாகக் கேட்டது.

அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், பெரிய பைல்காரன் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். விட்ட இடத்திலிருந்து தொடருமா? நல்ல சேவைகள் பைலைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்பும். டிராப்பாக்ஸ் 4 எம்பி துண்டுகளாக வெட்டுகிறது. நடுவில் கரண்ட் போனால் அந்த ஒரு துண்டுதான் வீண். முழுக் கரும்பை வாய்க்குள் செருகுவது பிரவுசர் வழி, நறுக்கித் தின்பது அவர்கள் கொடுக்கிற மென்பொருள் வழி. இன்னொன்று, ஒற்றை பைலுக்கு உச்சவரம்பு எவ்வளவு? ஒன்டிரைவில் 250 ஜிபி, கூகுள் டிரைவில் 5 டிபி. இதை விளம்பரத்தில் போட மாட்டார்கள், உதவிப் பக்கங்களில் தேட வேண்டும்.

இதற்கிடையில் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். “மேகத்துல வச்சிட்டா நெருப்பு, தண்ணி பயம் இல்லதானே?” மேகம் என்று பெயர் வைத்தவன் பெரிய வியாபாரி. அதுவும் யாரோ ஒருவருடைய கொட்டகையில் ஓடுகிற கம்ப்யூட்டர்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தே போனது. வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்களுக்குச் சாம்பல்தான் மிச்சம்.

படம் எடுக்கிற தொழிலில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளை யாரோ தவறுதலாக அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டார்கள். பேக்கப்பைத் திறந்தால் அது கொஞ்ச காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை, யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. கலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. போர்வை சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, பிரசவத்துக்கு அழைத்துப் போவது போல மெதுவாகக் கொண்டு வந்தார்கள்.

அதைப் படித்ததும் எனக்குத் தஞ்சாவூர் அக்கா வீடு ஞாபகம் வந்தது.

இப்போது ஏற்பாடு இதுதான். ஒரு டிஸ்க் கடையில். இன்னொன்று அக்கா வீட்டு பீரோவில். மாதம் ஒரு தடவை துண்டில் சுற்றிப் பையில் வைத்து மடியோடு பஸ்ஸில் கொண்டுபோகிறேன். 4 டிபி, இரண்டரை மணி நேரப் பயணம். கணக்குப் போட்டால் நொடிக்கு 3500 மெகாபிட்டுக்கு மேல் வருகிறது. எங்கள் ஊரில் அதைவிட வேகமான இணைப்பு எனக்குத் தெரிந்து கிடையாது, அக்கா வீட்டில் சாப்பாடும் உண்டு. மேலே ஏற்றுவது இரண்டே இரண்டு. மாஸ்டரைச் சுருக்கி 18 ஜிபி ஆக்கினால் நான்கு மணி நேரம். தாலி கட்டுகிற கால் மணி நேரத்தை மட்டும் சுருக்காமல் அப்படியே, 11 ஜிபி, இரண்டரை மணி நேரம். கடையைப் பூட்டும்போது போட்டால் விடிவதற்குள் ஏறிவிடும். ஊஞ்சலும் பந்தியும் பஸ்ஸில்தான் போகும். இதற்கு அன்லிமிடெட் எல்லாம் வேண்டாம், 2 டிபி திட்டமே தாராளம். மாதம் ஒரு பைலை இறக்கித் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் பீரோவுக்குச் சாம்பிராணி காட்டும்போது டிஸ்க்குக்கும் சேர்த்துக் காட்டுகிறாளாம். புகை ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

2014-லிருந்து 2018 வரை என்னிடம் கல்யாணம் எடுத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ரா புட்டேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, டிஸ்க்குகளுக்கு வயசாகிவிட்டது. வந்து வாங்கிக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். வரும்போது ஹார்ட் டிஸ்க்கோடு வாருங்கள். பெண் வீட்டார் கொண்டுவரும் பழைய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கின்றன, 4 ஜிபியைத் தொடும் பைல் அதில் ஏறாது. ஆடியில் வந்தால் நல்லது, கடையில் கூட்டம் இருக்காது.