ஒழுகலும் ஒழுக்கமும்: ஒரு கான்டெஸா சீல் ஆராய்ச்சி

'ஒழுகு' என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள். கூரையும் ஒழுகும், சான்றோரும் ஒழுகுவர். முன்னதற்குக் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். பின்னதற்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவ்விரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் கூடும் இடம் கார் ஏ.சி. கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதை இதுவரை யாரும் ஆராயவில்லை. மெக்கானிக்குகள் "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

ஆய்வுப்பொருள், எங்கள் வீட்டு 1992 மாடல் கான்டெஸா. ஆய்வுக்களம், வாசல் வேப்பமரத்தடி. நெறியாளர் என் அப்பா. யாரும் கேட்காமலே பொறுப்பேற்றவர்.

வீட்டு ஃப்ரிட்ஜ் இருபது வருஷம் கேஸ் நிரப்பாமல் ஓடுகிறதே, காருக்கு மட்டும் என்ன கேடு எனின், கூறுதும். ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குடத்துக்குள் வைத்து வெல்டிங் அடிக்கப்பட்டவை. உள்ளே போவது கரண்ட் மட்டும். காரிலோ கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். ஆகவே ஷாஃப்ட் வெளியே தலை நீட்டியாக வேண்டும். நீட்டிய இடத்தில் ஒரு கார்பன் வளையம் ஷாஃப்டோடு சுற்றும். அசையாத பீங்கான் வளையம் ஒன்று அதன் முகத்தோடு முகம் உரசும். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். உள்ளே இருப்பதோ லேசான அழுத்தமல்ல. வண்டி சும்மா நிற்கும்போதே, 35 டிகிரி வெயிலில், ஆர்-12 கேஸ் டயர் காற்றைப்போல் மூன்று மடங்குக்கு மேல் முட்டிக்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான்.

எங்கள் சீல் ஒழுகிய காரணம் பற்றி மூன்று கொள்கைகள் உள. வயசாகிவிட்டது என்பர் மெக்கானிக் மரபினர். போன தடவை கேஸை அதிகமாக அடித்துவிட்டார்கள் என்பார் மச்சான். அவர் எதற்கும் 'அதிகம்' என்பவராதலின் தள்ளுக. "அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது போட்டீங்கள்ல, அதான்" என்பது அப்பாவின் கொள்கை.

மூன்றும் பொருந்தா. என்னை? அந்தக் கல்யாண நாளைத் தவிர ஏ.சி. ஓடியதே இல்லை. அப்பாவுக்கு அந்த பட்டன் விருந்தாளிக்கு எடுத்துவைத்த பீங்கான் தட்டு. "எதுக்குடா ஏ.சி.? கண்ணாடியை இறக்கு, காத்து பிச்சுக்கிட்டு வருது" என்பது அவர் முப்பது வருடமாகச் சொல்லிவரும் நூற்பா. உலகில் முதன்முதலாகக் கம்பெனியிலேயே ஏ.சி. பொருத்தி வந்த கார், 1940 மாடல் பேக்கார்டு. அதில் கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது, ஏ.சி. வேண்டாமென்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்ற வேண்டும். அப்பா அந்த வண்டியை வாங்கியிருந்தால் பெல்ட் பீரோவில் இருந்திருக்கும். ஆனால் சீலுக்கு எண்ணெய் போய்ச்சேர்வது கம்ப்ரஸர் சுற்றும்போதுதான், கேஸோடு சேர்ந்து. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் படலம் வடிந்து, ரப்பர் காய்ந்து, கேஸ் கிளம்பிவிடும். தேய்ந்து கெட்டதல்ல எங்கள் சீல், சேமித்துக் கெட்டது. ஒழுக்கமாக இருந்ததால் ஒழுகியது என்க.

சான்று பானெட்டின் அடியில் இருந்தது: கிளட்ச்சுக்கு நேர் மேலே, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு எண்ணெய்க் கோடு. புல்லி சுற்றும்போது சிதறியது.

பழைய கேஸைக் காற்றில் விடலாகாது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோனைத் தின்னும் ஆர்-12 படிப்படியாக நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2010 தொடக்கத்தோடு சரி. எங்கள் வண்டியில் பிடித்துவைக்க எதுவும் மிச்சமில்லை. ஓசோன் ஓட்டைக்கு எங்கள் குடும்பத்தின் மொய் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

சீல் புதுப்பேட்டையில் கிடைத்தது. கடைக்காரர் பழசை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, டப்பாவில் கைவிட்டுத் துழாவி எடுத்தார். மாட்டும் இடத்தில்தான் இத்துறையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. கிளட்ச் தட்டைக் கழற்றி, சாவியையும் சிம்மையும் பத்திரப்படுத்தி, சர்க்ளிப்பைப் பிடுங்கிப் பழைய சீலை உருவியதும், மெக்கானிக் கை கழுவப் போனார். திரும்பி வந்து, புது சீலைக் காட்டி, "சார், இதோட முகத்தை மட்டும் தொட்டுடாதீங்க" என்றார். விரல் அழுக்குப் பட்டாலே மறுபடி ஒழுகுமாம். அடுத்த சிக்கல் ஷாஃப்ட் நுனியிலிருந்த மரையும் சாவிக்குழியும். புது சீல் அவற்றைத் தாண்டும்போது கீறிவிடும். அதற்கென்று உறை போன்ற ஒரு டூல் உண்டு. அவரிடம் இல்லை. "பழைய எக்ஸ்ரே எதாவது இருக்குதா?" என்றார். அப்பாவின் வலது முழங்கால் வந்தது. கத்தரித்து, கூம்பாகச் சுருட்டி, கம்ப்ரஸர் ஆயில் தடவி ஷாஃப்ட் மேல் செருகினார். மூட்டுத் தேய்மானத்தின் மேல் வழுக்கிக்கொண்டு சீல் உள்ளே போய் உட்கார்ந்தது.

மற்றவை சுருங்கச் சொல்லின் அமையும். உள்ளே ஆர்-12க்குப் பதில் ஆர்-134ஏ கேஸ் போவதால் அதற்கொத்துவராத பழைய மினரல் ஆயிலைக் கழுவிக் கொட்டி வேறு ஆயில் ஊற்றினார். ஓ-ரிங் எல்லாம் மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு, கேஸ் ஏற்றினார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் போட்டு விடுங்க சார், வண்டி எடுக்காட்டியும்."

நெறியாளர் இதை ஏற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணாடியை ஏற்றி, பேப்பரோடு முன்சீட்டில் உட்கார்கிறார். போன வாரம் நாற்பது நிமிடம் ஆயிற்று. அம்மா தட்டிக் கூப்பிட்டதற்குக் கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கி, "சீல் இன்னும் நனையலை" என்றார்.