ஆட்சேபிப்பதா, அடங்குவதா?

கேள்வி: மேலதிகாரியின் தொழில்நுட்பத் தீர்மானம் பிழையெனத் தோன்றினால் எதிர்த்துரைப்பதா, மௌனம் சாதிப்பதா? (வாசகர் ஒருவர், தலைமன்னார்)

பதில்: தங்களுக்கு அக்கரையில் எழுந்த புதிய பாம்பன் பாலத்தை 2024 நவம்பரில் பரிசோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், வடிவமைப்பு முறையிலும் துருத்தடுப்பிலும் தாம் கண்ட குறைகளை எழுத்தில் அடுக்கினாரேயன்றிப் பாலமே வேண்டாமென்று பிடிவாதம் செய்யாது, கப்பல்களுக்காக மேலே உயரும் தூக்குப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்படாமல் ரயில் செல்லலாமென அனுமதியும் அளித்தார், ரயில்வேயும் தன் சமாதானத்தைக் கூறிற்று, 2025 ஏப்ரல் 6இல் பாலம் திறக்கப்பட்டது. தங்கள் விஷயத்திலோ, பிழை எளிதில் திருத்தத்தக்கதாயின் மௌனமே விவேகம்; அதன் பலனைப் பிறர் உயிர் அனுபவிக்க நேருமாயின், ஆட்சேபத்தை ஆதாரத்தோடும் மாற்று யோசனையோடும் எழுதிக் கொடுத்து, பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழி ஆட்சேபம் காற்றோடு போய்விடும். அதிலும் தங்களூர்க் காற்றோ, காற்றாலைகளையே சுழற்றும் வல்லமை வாய்ந்தது!